நூற்று அறுபது டிகிரியில் ஒட்டாத படம்

அண்ணன் மகளுக்குக் காது குத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையை நானே செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். நாற்பது துணிப் பைகள். ஒவ்வொன்றிலும் குழந்தையின் சிரித்த முகம். கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது என்னிடம் பையும் இல்லை, படமும் இல்லை, படத்தைத் துணியில் ஒட்டுகிற மெஷினும் இல்லை.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? கடைல குடுத்தா அவங்களே அடிச்சுக் குடுத்துடுவாங்க" என்றார் அண்ணி.

"நான் சும்மாதான அண்ணி இருக்கேன்."

அந்தச் சொல்லை நானே முந்திக்கொண்டு சொன்னேன். ஒரு தனியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, முதுகுவலி தாங்காமல் கோடை விடுமுறையோடு நின்றிருந்தேன். அதிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லோரும் "வீட்ல சும்மாதான இருக்க?" என்று கேட்டார்கள். எங்கள் டவுனில் செங்கம் ரோட்டுக் காபிக் கடை ஒன்றில் வெளிநாட்டுக்காரர்கள் மலைப் படம் போட்ட பைகளை ஆசையாக வாங்கிப் போவதைப் பார்த்ததிலிருந்து இந்த மெஷின் நினைப்பு எனக்கு உண்டு. காதுகுத்து ஒரு சாக்குதான்.

மெஷினைத் தேர்ந்தெடுப்பதிலேயே நாலு நாள் போயிற்று. பெரிய மெஷின் என்றால் நெல் மூட்டை கனம். நாங்கள் குடியிருப்பது மாடிப் போர்ஷன், வைக்க இடமும் கிடையாது. உள்ளங்கையளவு சின்ன மெஷின் தொப்பிக்கும் குழந்தைச் சட்டைக்கும்தான் ஆகும் என்றார்கள். நடுவில் ஒன்று இருந்தது. இஸ்திரிப் பெட்டி மாதிரி மேலே கைப்பிடி, அடியில் ஒன்பது அங்குலச் சதுரத் தகடு. டவுனில் விசாரித்த கடைகளில் "அதெல்லாம் மெட்ராஸ்லதாங்க" என்று கையை விரித்தார்கள். வீடியோக்களில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, எங்கள் ஹாலைவிடப் பெரிய மேஜையில் அதை வைத்து, பதினைந்து விநாடி எண்ணி, படத்தை உரித்துக் காட்டிச் சிரித்தார். அவ்வளவு சுலபமாக இருந்தது. ஆன்லைனில் ஆர்டர் போட்டேன்.

பார்சல் வந்த அன்றே முதல் இடி. அதன் பிளக் எங்கள் ஹால் பிளக் பாயிண்டில் நுழையவில்லை. ஃபிரிட்ஜுக்கு இருப்பது போலத் தடித்த மூன்று முனை. அந்த மாதிரிப் பாயிண்ட் வீட்டில் இரண்டே இடத்தில்தான் இருந்தது, சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு ஒன்று, பாத்ரூமில் ஹீட்டருக்கு ஒன்று. என் கணவர் பஸ் கண்டக்டர். ட்யூட்டி முடிந்து வந்து பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாங்கறதுக்கு முன்ன இத பாக்கலையா?"

"படத்துல மெஷினத்தாங்க காட்டினாங்க, வாலக் காட்டல."

ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, சமையல் மேடையில் வைத்துக்கொண்டேன். பைகளை வாங்கி வைத்திருந்தேன். படங்களும் முன்பே டவுனில் ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் அச்சாகி வந்திருந்தன. கண்ணாடித்தாள் மாதிரியான பிலிமில் படம், அதன் பின்னால் பசைத்தூள். பிலிமைப் பையின் மேல் கவிழ்த்து, சூட்டில் அழுத்தி, ஆறியதும் உரித்தால் படம் துணியோடு தங்கிவிட வேண்டும். நூற்று அறுபது டிகிரி, பதினைந்து விநாடி என்று கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்.

நூற்று அறுபது வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அழுத்தி, எண்ணி, ஆறவிட்டு உரித்தேன். படம் மொத்தமும் பிலிமோடே வந்தது. முப்பது விநாடி வைத்தேன். அப்போதும் ஒட்டவில்லை. ஒரு நிமிஷம் வைத்தேன், பை லேசாக வெதுவெதுப்பானது, அவ்வளவுதான். காலையிலிருந்து மதியம் வரை இதே கூத்து. மெஷினை விற்றவர்களுக்குப் புகார் அனுப்பினேன். "எங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி" என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த பால் திரிந்துபோனது. அன்று மெஷினைத் தூக்கி மாடியிலிருந்து கீழே போடாதது கீழ்வீட்டுக்காரர்களின் அதிர்ஷ்டம்.

கடைசியில் பிரிண்ட் கடைக்காரருக்கே போன் போட்டேன்.

"மெஷின்ல நம்பர் பக்கத்துல இன்னா எழுத்துங்க இருக்குது?"

"எஃப்னு இருக்குங்க."

"அதாங்க மேட்டர். அது ஃபாரன்ஹீட். நீங்க வெச்சது எழுவது டிகிரிதான். அதுல தண்ணிகூடக் கொதிக்காது. சி-க்கு மாத்துங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பதினோரு வருஷம் மாணவர்களின் விவரங்களில் ஓர் எழுத்து பிசகாமல் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் நான். ஒரு எழுத்தைப் பார்க்காமல் ஒரு நாளைத் தொலைத்துவிட்டேன். பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்ததும் சி வந்தது.

அடுத்த முறை படம் ஒட்டியது. ஆனால் முழுதாக ஒட்டவில்லை. மேடையின் கிரானைட்டில் சூடு இறங்கிவிடுமே என்று அடியில் போர்வையை நாலாக மடித்துப் போட்டிருந்தேன். போர்வை மெத்தென்று அமுங்க, அழுத்தம் கிடைக்கவில்லை. உரித்தபோது குழந்தையின் ஒரு காது மட்டும் பிலிமோடு போய்விட்டது. காதுகுத்துக்குக் காதில்லாத குழந்தை! கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு நாள் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

போர்வையை எடுத்துவிட்டு, ஒரு பிளைவுட் பலகையும் அதன்மேல் ரப்பர் பாய் ஒன்றும் போட்டேன். இப்போது வேறு தொல்லை. நான் குள்ளம், மேடை உயரம். மேலிருந்து அழுத்த எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறி நின்று அழுத்தினேன். பத்துப் பை தாண்டியதும் எந்த முதுகுக்காக வேலையை விட்டேனோ அந்த முதுகு பிடித்துக்கொண்டது. சற்று உட்கார்ந்து எழுந்தால் மெஷின் தானாக அணைந்திருக்கும். பாதுகாப்புக்காம். மறுபடி சூடாக ஐந்து நிமிஷம்.

இப்படிப் பதினேழு பைகள் தேறின. காதுகுத்துக்கு மூன்று நாள் இருந்தது. பாதியாவது அண்ணியின் கண்ணில் படட்டும் என்று, மதிய பஸ்ஸில் அவற்றை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். அண்ணி அடுப்படியில் இருந்தார். பைகளை வைக்க அறைக்குள் போனால், கட்டிலின் மேல் ஒரு பெரிய கட்டு. மஞ்சள் பைகள், கடையில் அச்சடித்தவை. குழந்தையின் பெயரும் தேதியும் போட்டிருந்தது.

"இது இன்னா அண்ணி?"

அண்ணி கையை முந்தானையில் துடைத்தபடி வாசற்படியிலேயே நின்றார். "ஒரு சேஃப்டிக்கும்மா. நீதான் போன்ல மெஷின் சரியில்ல, மெஷின் சரியில்லன்னு சொல்லிகினே இருந்தியே."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னுதான்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தை ஜாஸ்தியாக்கியது. காபிகூடக் குடிக்காமல் திரும்பினேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் அண்ணியோடு சண்டை போட்டேன். மனசுக்குள்ளும் அவரே ஜெயித்தார்.

இனி ஒரு பைகூடச் செய்யமாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். அவரோ மறுநாள் எலெக்ட்ரீஷியன் ஒருவரைப் பிடித்து, பெரிய பிளக் போடக்கூடிய, தடித்த ஒயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைச் செய்து வாங்கி வந்து வைத்தார்.

"கீழ வெச்சு முட்டி போட்டு அழுத்திப் பாரேன். ஒடம்பு வெயிட்டு முழுக்க எறங்கும்."

பிளைவுட்டைத் தரையில் போட்டு, மண்டியிட்டு, இரண்டு கையாலும் அழுத்தினேன். முகம் முழுசாக இறங்கியது, இரண்டு காதும் இருந்தன. இதை முதல் நாளே செய்திருக்கலாம். ஒரு வீடியோவிலும் யாரும் மண்டியிடவில்லையே! சொரணை கெட்டு, பிடிவாதமாக மீதியையும் செய்தேன். ஆறு படங்கள் முன்பே வீணாகிவிட்டதால் மொத்தம் முப்பத்து நாலு வந்தது.

காதுகுத்தன்று இரண்டு வகைப் பைகளையும் ஒரே மேஜையில் வைத்திருந்தார்கள். பாதிப்பேர் மஞ்சள் பையைத்தான் எடுத்தார்கள், அது கொஞ்சம் பெரிசு. ஓர் உறவுக்காரப் பெண் என் பையைத் தூக்கிப் பார்த்து, "இது எந்தக் கடைல அடிச்சீங்க?" என்று அண்ணியிடம் கேட்டாள்.

"கடை இல்ல. எங்க நாத்தனார் வீட்லயே செஞ்சா" என்றார் அண்ணி. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பத்து நாள் கழித்து அண்ணியிடமிருந்து போன் வந்தது. துவைத்த பையில் படம் ஓரத்தில் பிரிகிறதாம். முதலில் மேடையில் வைத்துச் செய்த பதினேழில் ஒன்று என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. திரும்ப ஒரு தடவை அழுத்தினால் சரியாகிவிடும், கொண்டுவாங்க என்று ஒப்புக்குச் சொல்லி வைத்தேன். அவர் நிஜமாகவே சொந்தக்காரர் வீடுகளில் கேட்டு வாங்கி, பதினோரு பைகளோடு என் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

தரையில் எல்லாவற்றையும் பரப்பினேன். இரண்டு பைகளை நான் செய்வதைப் பார்த்துவிட்டு, "நகரு, நான் பாக்கறேன்" என்று அண்ணி மண்டியிட்டார். நான் எண்ணினேன். பதினைந்து சொன்னதும் கையை எடுத்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"எம்மா! இவ்ளோ அமுக்கணுமா? இந்த முதுக வெச்சிகினா அத்தன பையும் செஞ்ச?"

நான் அடுத்த பையை எடுத்துப் பலகையில் விரித்தேன்.

ஏழாவது பை முடிந்தபோது கரண்ட் போயிற்று. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம், வரவில்லை. அண்ணிக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதி நாலு பையும் இன்னும் என் பீரோ மேலேயே கிடக்கின்றன.