ராசம்மாளைத் தேடிவந்த அந்துப்பூச்சி

கிணத்துக்கடவுப் பக்கம் ராசம்மாள் கால் படாத தக்காளிக்காடு கிடையாது. அத்தனையும் ஊரார் காடு. கூலிக்குக் குனிந்தே ஐம்பதைத் தாண்டியவள். போன தைப் பட்டத்தில்தான் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துத் தனக்கென்று தக்காளி நட்டாள். இது தேறாவிட்டால் மறுபடி கூலிதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஊசிப்புழு என்றாலே தக்காளிக்காரர் பயப்படும் காலம் இது. தென்னமெரிக்காவில் கிடந்த அந்துப்பூச்சி, அரிசிமணி நீளம்தான் இருக்கும், கடல் கடந்து வந்து நம் தக்காளி இலையில் முட்டை வைக்கிறது; பொரிந்து வரும் ஊசிப்புழு இலைக்குள்ளும் காய்க்குள்ளும் துளைத்துத் தின்கிறது. மருந்துக்கடை ராமுலு ஒரு பொறி கொடுத்தார். அதில் மாட்டும் ரப்பர் துண்டில் பெண்பூச்சியின் வாசம். ஆண்பூச்சி மயங்கி வந்து பசையில் ஒட்டிக்கொள்ளுமாம்.

பொழுது சாய்ந்தால் மண்வெட்டி, கொத்து எதையும் காட்டில் விட்டுவருகிற வழக்கம் ராசம்மாளுக்கு இல்லை. ரப்பர் துண்டை மட்டும் விடுவாளா? தினமும் கழற்றி, இடுப்பு மடிப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் மாட்டுவாள். பொறியில் ஒரு பூச்சியும் விழவில்லை. "நம்ம காடு சுத்தமா இருக்குதுங்க" என்று ராமுலுவிடம் பெருமை வேறு!

வீட்டில்தான் என்னவோ நடந்தது. சாயங்காலம் அடுப்படியில் நின்றால் சாம்பல் நிறப் பூச்சிகள் வந்து அவள் இடுப்பில் உட்கார்ந்தன. எரிகிற விளக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. தட்டிவிட்டால் எழும்பி, அதே இடத்துக்குத் திரும்பின. கொடியில் காயும் சேலையிலும் அப்பிக்கிடந்தன. ஒரு தக்காளிகூட இல்லாத வீடு ஐயா அது!

ரப்பர் துண்டைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவதையும் சேர்த்து ராமுலுவிடம் சொன்னாள். அவர் முகம் விழுந்துபோனது.

"ஏனுங்கம்மணி, அது பொழுது சாஞ்சதுல இருந்து விடியறவரைக்குந்தானுங்க பறக்கும். பகல்ல மாட்டி என்னத்துக்காவுதுங்க?"

ஓடிப்போய் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தடம்; தடத்துக்குள் நெளிந்தது. காய்களிலும் ஊசித்துளை. "அய்யோ, நானே கெடுத்துப்போட்டனே" என்று வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அத்தனை செடியையும் பிடுங்கித் தீ வைக்க வேண்டியதாயிற்று.

மறுவாரம் ரசாக்கின் தக்காளிக்காட்டுக்குக் கூலிக்குப் போனாள். தேய்த்துக் குளித்து, வேறு சேலை கட்டித்தான் போனாள். விடிந்தும் விடியாத நேரம். செடிக்குக் கயிறு கட்டக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். செடிகளுக்குள்ளிருந்து சாம்பல் நிறப் பூச்சிகள் சத்தமே இல்லாமல் ஒவ்வொன்றாக எழும்பி வந்து அவள் இடுப்பில் உட்கார்ந்தன.

"அண்ணா, இங்கயும் வந்துபோட்டுதுங்க."

ரசாக் சிரித்தார். "சும்மா இருங்கக்கா. செடி எத்தனை பச்சையா நிக்குது பாருங்க."

"எனக்கும் அப்படித்தானுங்க நின்னுச்சு" என்றாள் ராசம்மாள்.