சாக்கை நனைத்தது யார்?

நான் ரெங்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். சீமைக்குப் புறப்பட்ட எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானி, தான் வளர்த்த இரண்டு சீமைப் பெருச்சாளிகளை என்னிடம் விட்டுப் போனார். வாலில்லாத, முயல்குட்டி போன்ற சாதுப் பிராணிகள்.

வெயில் காலத்தில் வேலை முடிந்து வந்தால், வாசலில் வைத்த கூண்டு இடம் மாறியிருக்கும். மேலே போட்ட சாக்கு நனைந்திருக்கும். ஆயாக்கொட்டகையில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த வீட்டு அஞ்சலைமேல்தான் எனக்குச் சந்தேகம். "நல்லா கொழுத்திருக்குதுங்க அக்கா" என்று ஒருநாள் சொன்னவள் ஆயிற்றே! கறிக்குக் கண் வைக்கிறாள் என்று, கூண்டை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பூட்டு உடைந்து கிடந்தது. கத்திக்கொண்டே அவள் வீட்டுக்கு ஓடினேன். அஞ்சலை வாழைமரத்தடியில் உட்கார்ந்து, மூச்சிரைக்கக் கிடந்த இரண்டுக்கும் விசிறிக்கொண்டிருந்தாள்.

"தகரக் கூரைக்கு அடியில அடைச்சுட்டுப் போனா வெந்துடாதா அக்கா? கொட்டகையில தொட்டிலுக்கு ஈரச் சாக்கு போடுற மாதிரி, தெனமும் நான்தானே நனைச்சுப் போட்டு நெழலுக்கு நகத்துறேன்!"

இப்போது கூண்டை அவளிடமே ஒப்படைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். ஆனாலும் திரும்பும்போது, அவள் அடுப்பில் என்ன வேகிறது என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாசலில் கால் வைக்கிறேன்.