டிவி இருந்த இடத்தில் தனபாக்கியம் அக்கா

சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பாலாவின் அழைப்பு வந்தது. "டீச்சர், அம்மா போயிட்டாங்க" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "அண்ணன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. சித்த நேரம் வர முடியுமா?" என்று கேட்டார். தாய் இறந்த காலையில் ஒரு மகன் தன் அழுகையை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொரு மகனைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்றால், அந்தத் தாய் எதை நினைத்து நினைத்து உயிரை விட்டிருப்பார் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். தெரியாதவர்களுக்காகவும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

தனபாக்கியம் அக்கா, ரெட்டியார்சத்திரம் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். திண்டுக்கல்லில் இருவருக்கும் ஒரே தெரு. ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அக்கா. அவருக்கு நான் கடைசி வரை டீச்சர்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் விபத்தில் போனபோது இளைய மகன் பாலா கைக்குழந்தை. மூத்தவர் சரவணனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. ஆனால் எந்தப் பள்ளியும் அவரை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை.

சரவணனுக்கு ஆட்டிசம். மதுரையில் ஒரு மருத்துவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவருக்கு மீசை அரும்பிவிட்டது. அதுவரை ஊர் அவரைச் சொன்ன சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. "பேரு தெரிஞ்சிருச்சு டீச்சர். இனிமே எவனாச்சும் கிறுக்குன்னு சொல்லட்டும், வகுந்துருவேன்" என்றார் அக்கா. சொன்னபடியே ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு உண்டு இல்லை என்று ஆக்கினார். நாற்பதைத் தாண்டிய மனிதரை இன்றும் தெருவில் எல்லோரும் 'அவன்' என்கிறார்கள். நான் 'அவர்' என்றுதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

சரவணனுக்கு டிவி என்றால் சினிமாவும் இல்லை, பாட்டும் இல்லை. சாயங்காலச் செய்தி, அதன் முடிவில் வருகிற வானிலை, அவ்வளவுதான். எந்த ஊரில் எத்தனை டிகிரி வெயில் என்று வரிசையாக வரும் அல்லவா, அதை நின்றுகொண்டு, லேசாக ஆடிக்கொண்டு, கூடவே சத்தமாகச் சொல்லுவார். அந்த நேரத்தில் சேனலை மாற்றினாலோ கரண்ட் போனாலோ தன் கையைத் தானே கடித்துக்கொள்வார். மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் அக்கா கடன் வாங்கி இன்வெர்ட்டர் போட்டார். ஃபேனுக்கு இல்லை, டிவிக்கு மட்டும். வேர்த்து ஊற்ற உட்கார்ந்து விசிறிக்கொண்டே சொல்லுவார்: "நமக்கென்ன டீச்சர், காத்து இல்லாட்டி செத்தா போயிருவோம்?"

அதென்ன அந்தப் பெட்டி மேல் அவ்வளவு பிரியம் என்று நான் ஒருநாள் சலித்துக்கொண்டேன். அக்கா சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. "டிவில வர்றவன் இவன்கிட்ட திருப்பி ஒண்ணும் கேக்க மாட்டான் டீச்சர். என் மூஞ்சியப் பாத்துப் பேசுன்னு சொல்ல மாட்டான். நேத்துச் சொன்ன மாதிரியே இன்னைக்கும் வணக்கம் சொல்லுவான். மனுசங்க நாம அப்பிடியா இருக்கோம்?"

பாலா படித்து, நத்தத்தில் இரும்புக் கடை வைத்து, கவிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு பொங்கலுக்கு அக்காவும் சரவணனும் அங்கே போயிருந்தார்கள். சாயங்காலம் கவிதா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். சரவணன் போய்ச் செய்திக்கு மாற்றினார். குழந்தை சிணுங்கியது, கவிதா மறுபடி சீரியலுக்கு மாற்றினார், சரவணன் கையைக் கடித்துக்கொண்டு டிவியைப் பிடித்துத் தள்ளிவிட்டார். டிவி சுக்குநூறு. கவிதாவைக் கெட்டவராக நினைத்துவிட வேண்டாம். அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி முடித்துவிட்டு மாமியாரிடம் மெதுவாகக் கேட்டார்: "அத்தை, நீங்க இருக்கீங்க, சமாளிக்கிறீங்க. உங்களுக்குப் பெறகு?"

திரும்பி வந்த மறுநாள் பஸ்ஸில் அக்கா வாயே திறக்கவில்லை. வழக்கமாக அந்தப் பஸ் முழுக்கக் கேட்கிற குரல். இறங்கும்போதுதான் சொன்னார்: "அவ கேட்டது நியாயந்தான டீச்சர். எனக்குப் பெறகு இவன் அந்த வீட்லதான் இருந்தாகணும். இல்லாட்டி எங்கயாச்சும் கொண்டு போயி விட்டுருவாங்க. எம்பிள்ளை டிவிய விடணும்." அன்று முதல் அவருக்கு அது ஒன்றே வேலை.

முதலில் தவறான வழியில் போனார். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு டிவியைத் தூக்கி வந்து என் வீட்டில் வைத்தார். அந்த வாரம் தெருவே தூங்கவில்லை. சரவணன் காலியான மேஜைக்கு முன்னால் நின்று சுவரில் தலையை மோதிக்கொண்டார். சோறு இறங்கவில்லை. நெற்றி புடைத்துப் போயிற்று. பார்க்கச் சகிக்காமல் நானே ஓர் ஆளைப் பிடித்து டிவியைத் தூக்கிக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தேன். "ஒங்களுக்கு என்ன அவசரம்?" என்று அக்கா என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே ஒயரையும் அவரே மாட்டினார்.

வழி தானாக வந்தது. ஒரு சாயங்காலம் கரண்ட்டும் இல்லை, இன்வெர்ட்டரும் பழுது. சரவணன் கையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா மெழுகுவர்த்தியை ஏற்றி, டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு விறைப்பாக உட்கார்ந்து, "வணக்கம். செய்திகள் வாசிப்பது தனபாக்கியம்" என்று ஆரம்பித்திருக்கிறார். சரவணனின் கை அப்படியே நின்றுவிட்டது. "இன்று நம்ம தெருக் குழாயில் தண்ணி வரவில்லை. டீச்சர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. சத்துணவுக்கு வந்த முட்டையில் பாதி ஒடசல். திண்டுக்கல்லில் வெயில் மண்டையப் பொளந்தது." "எத்தனை டிகிரி?" என்று கேட்டிருக்கிறார் சரவணன். மறுநாளிலிருந்து அக்கா பேப்பர் வாங்க ஆரம்பித்தார். டிகிரி பார்க்கத்தான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. டிவி ஓடும், ஆனால் சத்தம் இருக்காது, அக்கா வாசிப்பார். பிறகு டிவி ஓடாது, அக்கா மட்டும் வாசிப்பார். பிறகு டிவிமேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினார். இதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வாசிக்கும் முன் முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை சீவிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சரவணன் ஒப்புக்கொள்ள மாட்டார். "இந்த வயசுல எனக்கு வந்த வாழ்வப் பாருங்க" என்று சிரிப்பார் அக்கா. ஒருநாள் காய்ச்சலோடு வாசித்தார். கடைசியில் டிவியைப் பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அன்று அவருக்கு இருந்த பெருமை! புருஷன் குடியை விட்டுவிட்டான் என்று சொல்லித் திரிகிற பெண்களைப் போல, "எம்மவன் டிவிய விட்டுட்டான்" என்று பஸ் முழுக்கச் சொன்னார். கண்டக்டருக்குக்கூடத் தெரியும். இதே குறையோடு பிள்ளை வளர்க்கிற ஒரு தம்பதி அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு அவர் சொன்னது இது: "பிடுங்காதீங்கம்மா. பிடுங்கினா பிள்ளைக்கு உசுரு போயிரும். அதுக்குப் பதிலா கையில எதையாச்சும் குடுத்துட்டு மெதுவா வாங்குங்க."

கையில் எதைக் கொடுத்தார் என்பதை அவர் யோசிக்கவில்லை. அம்மாவும் மகனும் நத்தம் போனார்கள்; கவிதா சீரியல் பார்த்தார்; சரவணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுப்படியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அக்கா செய்தி வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று குடும்பமே நிம்மதியானது. நானும்தான்.

போன மாதம் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. இதயம் பலவீனமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பாலாவும் கவிதாவும் திண்டுக்கல் வீட்டுக்கு வந்து சரவணனைப் பார்த்துக்கொண்டார்கள். முதல் சாயங்காலமே தெரிந்துவிட்டது. சரவணன் காலி நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். பாலா பவுடர் போட்டுக்கொண்டு, தாயைப் போலவே வணக்கம் சொல்லி வாசிக்க ஆரம்பித்தார். சரவணன் எழுந்து வந்து தம்பியின் வாயை உள்ளங்கையால் மூடினார். பிறகு தன் கையைக் கடித்துக்கொண்டார், ரத்தம் வருகிற வரை.

இதை நாங்கள் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஒருநாள் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஆக்ஸிஜன் குழாயைக் கையால் ஒதுக்கிவிட்டு, "டீச்சர், அவனுக்கு இப்ப யாரு வாசிக்கிறா?" என்றார். நான் எதையோ சொல்லி மழுப்பினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய தப்புப் பண்ணிட்டேன் டீச்சர். டிவின்னா ஒண்ணு ஒடைஞ்சாக் கடைல இன்னொண்ணு வாங்கிக்கலாம். என்னைய எந்தக் கடைல வாங்குவான்?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. பாலாவைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அப்பு, நான் கண்ண மூடுன அன்னைக்கே ஒரு டிவியக் கொண்டாந்து அந்த எடத்துல வச்சுரு. சாயங்காலம் நியூஸப் போட்டு விடு. யாரு என்ன சொன்னாலும் கேக்காத. அண்ணனை எங்கயும் கொண்டுபோயி விட்டுறாத." பாலா தலையாட்டினார். கவிதா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

இறந்த செய்தியைச் சரவணனிடம் நான்தான் சொன்னேன். "அம்மா செத்துப் போயிட்டாங்க சரவணன்" என்று சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவருக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது அக்காவிடமிருந்து தெரிந்துகொண்டது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை, கேட்கவில்லை. உடலைக் கொண்டு வந்து கிடத்தியபோது ஒருமுறை வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். அண்ணனுக்குத் தாங்காது என்று வேட்டும் வேண்டாம், மேளமும் வேண்டாம் என்று பாலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதில் சொந்தக்காரர்களுக்கு வருத்தம். "அநாதைப் பொணம் மாதிரியில்ல போகுது" என்றார் ஒருவர். மயானத்திலிருந்து எல்லோரும் திரும்பியபோதும் சரவணன் கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல்தான் உட்கார்ந்திருந்தார். "பாவம், பெத்தவ போனதுகூடத் தெரியல" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் பாலா டிவியை இறக்கினார். நத்தத்திலிருந்து வேனில் வந்தது, அவர்கள் வீட்டு டிவி. கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொந்தங்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் நாற்காலியை நகர்த்திவிட்டு டிவியை வைத்த பாலா, எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கங்க. தப்புன்னு தெரியும். அம்மா சொல்லிட்டுப் போனது." "போட்டு விடுப்பா. அவனுக்கு என்ன தெரியும்" என்றார் பெரியவர் ஒருவர்.

செய்தி ஆரம்பித்தது. சத்தம் கேட்டுச் சரவணன் கொல்லையிலிருந்து எழுந்து வந்தார். டிவியைப் பார்த்தார். பாயில் இருந்தவர்களைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். நேராகப் போய்ச் சுவிட்சை அணைத்தார்.

பாலா மறுபடி போட்டார். "அண்ணே, அம்மாதான் போடச் சொல்லுச்சு. ஒனக்குத்தான் அண்ணே." சரவணன் இந்த முறை அணைத்ததோடு நிற்கவில்லை, பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி டிவிமேல் வைத்தார். பிறகு யாருடைய முகத்தையும் பார்க்காமல், வானிலை சொல்கிற அதே குரலில் சத்தமாகச் சொன்னார்:

"டிவி போடக் கூடாது. அம்மா செத்துப் போச்சு."

பாலா அப்படியே தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தார். கவிதா எழுந்து சரவணனிடம் வந்தார். "நம்ம வீட்லயும் போட மாட்டோம் மாமா" என்றார். "எங்ககூட வாங்க. நம்ம வீட்லதான் இனிமே." சரவணன், சுருட்டிய ஒயர் அவிழ்ந்துவிடாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கை முழுக்கப் பல் பட்ட காயங்கள்.

இப்போது அவர் நத்தத்தில் இருக்கிறார். கொஞ்சமாகச் சாப்பிடுகிறாராம். பொழுது சாய்ந்தால் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறாராம். துக்கம் முடிந்து அந்த வீட்டில் டிவி ஓட ஆரம்பித்த பிறகு என்ன ஆகும் என்று அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நல்லபடியாக ஆகிவிடும் என்று எழுதி இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அக்கா, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன ஊரையெல்லாம் சண்டைக்கு இழுத்தீர்கள். கடைசியில் நீங்களே கொஞ்சம் பயந்துவிட்டீர்கள். உங்களுக்காகத் துக்கம் காக்க உங்கள் மூத்த மகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இதைப் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், கேட்டுவிட்டு, "எம்மவன்னா சும்மாவா?" என்று நீங்கள் ஊர் கேட்கச் சத்தம் போட வேண்டும். அதற்கு இனி வழியில்லை. பாலா அவரை எங்கும் கொண்டுபோய் விடவில்லை, அக்கா. அதை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்.