அத்தாவின் வண்டி கிளம்பாத மதியம்

நின்றுபோன மோட்டார் சைக்கிளைக் கிளப்ப இன்றைக்குப் போனில் வீடியோ பார்க்கிறார்கள். அப்போது எங்கள் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். சோக்கை இழு என்பார் ஒருவர், தள்ளிக்கொண்டே ஓடு என்பார் இன்னொருவர், டேங்க் மூடியைத் திறந்து ஊதச் சொன்னவரும் உண்டு. சொந்த வண்டி இல்லாதவர்களுக்குத்தான் யோசனை அதிகம். இத்தனை வைத்தியத்துக்கும் அசையாத வண்டி ஒன்று எங்கள் வீட்டில் நின்றது. அது அத்தாவின் வண்டி; அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா இறந்து இரண்டு மாதம் போல ஆகியிருந்தது. எனக்கு அப்போது ஆறு வயது.

அத்தாவுக்குத் தோல் மண்டியில் வேலை. ஒரு நாள் அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். அவரோடு வேலை பார்த்த யாரோ வண்டியை நாகல் நகருக்கு ஓட்டிவந்து, எங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்தில் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போனார். அத்தாவின் பழைய கைலி ஒன்றை அதன்மேல் போர்த்திவிட்டதோடு சரி, பிறகு யாரும் தொடவில்லை. கிட்டே போனால் தோல் வாடை இன்னும் அடித்தது.

வாடை மட்டுமென்றால் பரவாயில்லை. மத்தியானம் எல்லாரும் அசந்திருக்கும் நேரத்தில் அந்தக் கைலிக்குள்ளிருந்து மெல்லிய முனகல் ஒன்று வரும். வரும், நிற்கும், திரும்ப வரும். வண்டி துடைக்கும்போது அத்தாவும் வாயைத் திறக்காமல் இப்படித்தான் ஏதோ ராகம் இழுப்பார். கேட்டதும் நான் வீட்டுக்குள் ஓடிவிடுவேன். ஆனாலும் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் பள்ளிவாசலிலிருந்து ஹஜ்ரத்தைக் கூட்டிவந்து, ஓதி ஊதி விரட்டிவிடுவார்கள். அத்தாவுக்குப் பயந்தேன். அத்தா போய்விடுவாரோ என்றும் பயந்தேன்.

அத்தாவின் தம்பியான சின்னத்தாவுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. சும்மா நிற்கிற வண்டி துருவுக்குத்தான் தீனி என்பது அவர் கட்சி. வேடசந்தூரில் மில் வேலை பார்க்கும் ஒருவரிடம் விலை பேசி முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வருவார், வண்டி ஓடினால் அன்றே கொண்டுபோய்விடுவார். அம்மாவிடம் கேட்டதற்கு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அப்போது இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. சோறு இறங்காமல், இறங்கினாலும் தங்காமல், படுத்தே கிடந்தாள். துக்கம் என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், வண்டி கிளம்பவே கூடாது என்று எனக்குத் தெரிந்த சூராவையெல்லாம் ஓதிக்கொண்டு சந்தில் நின்றேன். சின்னத்தா கூட்டிவந்த மெக்கானிக் கைலியை உருவினார். டேங்கை முகர்ந்து பார்த்து முகம் சுளித்து, பழைய பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றினார். கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதினார். பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, எஞ்சினில் ஒட்டி வைத்து உதைத்துப் பார்த்தார். நீலமாகப் பொறி விழுந்தது. பெட்ரோல் வருகிறது, கரண்டும் வருகிறது, பிறகென்ன கேடு என்று அவருக்கே விளங்கவில்லை. கிக்கரை மிதித்தால் அது கனத்து, காலைத் திருப்பித் தள்ளியது. கடைசியில் சின்னத்தாவை உதைக்கச் சொல்லிவிட்டு, சைலன்சர் நுனியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"மூச்சே வரலையே, பாய்" என்றார்.

சின்னத்தா மறுபடி ஓங்கி உதைத்தார். உதை அடங்கியதும் வண்டிக்குள்ளிருந்து அந்த முனகல் வந்தது.

பட்டப்பகலில் இரண்டு பெரிய ஆம்பிளைகள் பின்வாங்கினார்கள். சின்னத்தாவின் உதடுகள் தானாக ஓத ஆரம்பித்தன. அத்தா அங்கே இருப்பதை எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மெக்கானிக்தான் முதலில் தெளிந்தார். குனிந்து சைலன்சர் துளையில் டார்ச் அடித்தார். உள்ளே செம்மண் அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகச் சுரண்டியதும் ஓரத்து மண் உதிர்ந்து, நீளக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதே முனகலோடு ஒரு குளவி வெளியே வந்தது. சின்னத்தா தேவைக்கு மேல் சிரித்தார். கூட்டை உடைத்து எறியச் சொன்னார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடுதான் சொன்னாள்: "குளவிக் கூட்ட உடைக்கலாமா? வீட்ல யாராச்சும் முழுகாம இருந்தாத்தான் அது வந்து கட்டும்பாக."

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் என்னையும் அம்மாவையும் தவிர வேறு பெண் கிடையாது. சின்னத்தா முகம் கறுத்து, ஸ்க்ரூடிரைவரைத் தானே பிடுங்கிக்கொண்டு குனிந்தார். அப்போது ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"உடைக்காதீக தம்பி. அவுக சொல்றது நெசந்தான்."

மெக்கானிக் தரையைப் பார்த்தபடி சாமான்களை அள்ளினார். சின்னத்தா கைலியை எடுத்து, குளவி போய்வர வழி விட்டு, வண்டியைப் போர்த்தினார். பிறகு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். வேடசந்தூர்க்காரருக்கு வர வேண்டாமென்று போன் போனது.

வண்டி தப்பித்த சந்தோஷத்தில் நான் உள்ளே ஓடினேன். அம்மா ஜன்னலடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவுககிட்ட நான் சொல்லவே இல்லையே. நல்லாத் தெரிஞ்ச பொறவு சொல்லிக்கலாம்னு இருந்துட்டேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எதைச் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. எதுவானால்தான் என்ன, அதற்குப் போய் இம்புட்டு அழுகையா? அத்தாவிடம் நானும்தான் எத்தனையோ சொல்லாமல் மறைத்திருந்தேன்.

"வண்டிகிட்டதாம்மா இருக்காக. போய்ச் சொல்லுங்க" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். அதற்குள் எல்லாரும் போயிருந்தார்கள், சந்தில் யாரும் இல்லை. வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சின்னக் குரலில் என்னவோ சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். அத்தா என்ன பதில் சொல்லப்போகிறார் என்று நான் வாசற்படியில் காத்துக்கொண்டு நின்றேன். பதில் வராது என்று தெரிந்தேதான் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.