பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றவள்

மாதாவின் பிள்ளைகளே, என் பங்கு மக்களே, பிறப்பதற்கு ஒரு வருஷம் நாலு மாதம் முன்னதாகவே ஞானஸ்நானம் பெற்றுக்கொண்ட ஒருத்தி உங்களுக்கு இதை எழுதுகிறாள். சிரிக்காதீர்கள். அறுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதத்தில், பாண்டிச்சேரி ஆபீஸ் மேஜை மேல் என்னுடைய இரண்டு காகிதங்களையும் அக்கம்பக்கமாக வைத்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்த இரண்டு காகிதங்களால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

நான் பிலோமினா. செஞ்சியில் பஸ் டிரைவர் அருளப்பன் மகள் என்றால் எல்லோருக்கும் தெரியும். என் முகம் மறந்தவர்களுக்கும் என் வாய் மறந்திருக்காது. குழாயடியிலும் சரி, கோயில் பாட்டுக் குழுவிலும் சரி, ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுத்தவள். இப்போது பிரான்சு தேசத்தில் குடித்தனம். ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். அன்று மாதாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்கத்தான் இந்தச் சாட்சி.

என் வீட்டுக்காரர் பெயர் லூயி. பாண்டிச்சேரியில் பிறந்த தமிழர்தான், ஆனால் பிரெஞ்சுக் குடிமகன். அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருக்கிறார்; எங்கள் பக்கம் 'சொல்தா' என்பார்கள். அவருடைய சின்னம்மா வீடு செஞ்சியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அறுபத்து நாலில் ஈஸ்டருக்கு லீவில் வந்தவர், பூசையில் நான் பாடியதைக் கேட்டுவிட்டுப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். பிரான்சு மாப்பிள்ளை வருகிறார் என்றதும் தெருவே கூடிவிட்டது. வெள்ளைக்காரத் துரையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். "இன்னாடி இது, நம்ம திண்டிவனத்து ஆளாட்டம் இருக்குறாரு!" என்று ஒரு அக்கா சத்தமாகவே சொன்னாள். எனக்கோ அந்தக் கறுத்த முகமும் அவர் வெட்கப்பட்ட விதமும் பிடித்துப்போயிற்று. நிச்சயதார்த்தம் நடந்தது. லீவு முடிந்து அவர் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான். அதற்குள் தை மாதம் அவர்கள் பட்டாளத்தை ஆப்பிரிக்காப் பக்கம் அனுப்பப்போவதாகக் கடிதம் எழுதினார். அதனால் கிறிஸ்துமசுக்கு முன்பே நான் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் கல்யாணம். இல்லாவிட்டால் எப்போது என்று சொல்ல முடியாது. நிச்சயம் பண்ணிய பெண்ணை வருஷக்கணக்கில் வீட்டில் வைத்திருந்தால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா?

போவதற்கு இரண்டு வழி இருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவளுக்கு ஒரு விசா, ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவளுக்கு ஒரு விசா. முதல் விசாவுக்குப் பிறந்த தேதிக்கு அத்தாட்சி, ஞானஸ்நானச் சீட்டு, பெற்றவர்கள் சம்மதம், மாப்பிள்ளை கடிதம் எல்லாம் வேண்டும். கிடைத்துவிட்டால் அங்கேயே குடியிருக்கலாம். இரண்டாவதற்குப் பாஸ்போர்ட்டும் திரும்பி வருவேன் என்ற வாக்கும் போதும். ஆனால் மூன்று மாதம்தான். நான் கல்யாண விசாவுக்கே காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு நைனாவோடு பாண்டிச்சேரியில் பிரெஞ்சு விசா ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனுஷர். காகிதங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா, கோயில் சீட்டுல நாப்பத்து நாலு மாசியில ஞானஸ்நானம்னு இருக்குது. பள்ளிக்கூட சர்டிபிகேட்ல நீ பொறந்ததே நாப்பத்தஞ்சு ஜூன் ஒண்ணுன்னு இருக்குது. பாஸ்போர்ட்டும் அதையே பாத்துப் போட்டுட்டாங்க. ரெண்டும் ஒரே பொண்ணுதான்னு நான் எப்படி நம்புறது?"

எப்படி நடந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க யார் பிறந்த தேதி கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயசு. எனக்குக் கை குட்டை. முதல் வருஷம் எட்டவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறு வருஷம் எட்டியது. எட்டிவிட்டதால் அன்றைக்குத்தான் ஐந்து முடிந்தது என்று கணக்குப் பண்ணி ஹெட்மாஸ்டர் ஒரு தேதியைப் போட்டார். நைனா கோயில் சீட்டைக் கொண்டுபோகவே இல்லை. "எதுனா போட்டுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்க ஓடிவிட்டார். அந்த 'எதுனா'தான் பதினாலு வருஷம் கழித்து என் கழுத்தைப் பிடித்தது.

"தேதி எழுதுன ஹெட்மாஸ்டர் இருந்தா, அவரே மாஜிஸ்திரேட் முன்னாடி வந்து சொல்லட்டும். அந்தத் தாளோட வாங்க" என்றார் குமாஸ்தா.

வெளியே வந்தோம். தெருவோரம் மனு எழுதிக்கொடுக்கிற ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "எதுக்குங்க இம்மாம் அலைச்சல்? சுத்திப் பாக்கப் போறேன்னு எழுது. ஒரு கேள்வி கிடையாது. அங்க போயி கல்யாணத்த முடிச்சிக்க." பேசிக்கொண்டே படிவத்தை நிரப்பிவிட்டார். என் கையில் பேனாவையும் கொடுத்துவிட்டார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நான் அந்தப் படிவத்தைப் பார்த்தேன். என் கல்யாணத்துக்காக நான் போடப்போகும் முதல் கையெழுத்து அது. அது பொய்யாகவா இருக்க வேண்டும்? "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். ஊர் சுத்தப் போவல" என்று பேனாவை மூடிக் கொடுத்தேன்.

"ஒரு கையெழுத்துதானடி!" என்றார் நைனா. திண்டிவனம் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் செஞ்சி வரைக்கும் பேசவே இல்லை. அது அதைவிடக் கொடுமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். லூயி முகம் கண் முன்னால் வந்தது. நானே என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுக்கொண்டேனோ என்று பயந்தேன். நல்லவள் என்று பேர் எடுக்கப் பார்த்தாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் மாதா திருநாளுக்கான நவநாள் தொடக்கம். கோயிலில் முழங்கால் போட்டேன். "அம்மா, மெழுகுவர்த்தி எல்லாரும் கொடுக்கிறார்கள். என்னிடம் அதிகமாக இருப்பது வாய்தான். ஒன்பது நாள் யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசமாட்டேன். வழி திறந்துவிடு. திறந்தால் ஊர் அறியச் சாட்சி சொல்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அதுக்கு நீ முழங்கால்ல ராஜகிரி மலை ஏறிடலாம்டி. சுலுவா இருக்கும்."

அம்மா சொன்னது நிஜம். இரண்டாம் நாளே குழாயடியில் ஒருத்தி, "சொல்தா மாப்ள உன்ன உட்டுட்டாராமே?" என்று கேட்டாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் பயந்துபோய் எங்கள் வீட்டுக்கே வந்து, "பொண்ணுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அம்மாவை விசாரித்தாள்.

நாலாம் நாள் ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அப்பாண்டைராஜ் வாத்தியார். ஓய்வு பெற்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சாப்பிடமாட்டார், உயிர் போனாலும் பொய் சொல்லமாட்டார் என்று ஊருக்கே தெரியும். அவர் களத்தில் மல்லாட்டைக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்!

"நான் எழுதுன தேதி பொய்யின்னு நானே கோர்ட்ல வந்து சொல்லணுமா? எத்தினி வருஷம் உத்தியோகம் பாத்தவன் நான்! இன்னா பேச்சு பேசுற? உங்க நைனா சீட்டைக் கொண்டாராததுக்கு நானா ஜவாப்தாரி? போ, போ."

என் நாக்கு நுனியில் ஏழு பதில் வரிசையாக நின்றது. கை குட்டையானால் வயசும் குட்டையா சார் என்று முதலாவது. அத்தனையையும் விழுங்கினேன். "சரிங்க சார், வரேன்" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் அழுகை. இருந்த ஒரே கதவும் மூடிவிட்டது என்று நினைத்தேன்.

ஒன்பது நாளும் முடிந்தது. ஒரு சேதியும் இல்லை. மறுநாள் ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மாதா மேலேயே கோபம். வேண்டுதல் தீர்ந்தது, இனி எவள் கிடைத்தாலும் ஒன்பது நாள் பாக்கியையும் சேர்த்துத் தீர்த்துவிடுவது என்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது குடையை ஊன்றிக்கொண்டு அப்பாண்டைராஜ் வாத்தியார் வந்தார். சட்டையில் காகிதக் கொடி குத்தியிருந்தது. பள்ளியில் கொடியேற்றத்துக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறார்.

"அன்னிக்கி நீ ஏன் ஒண்ணும் சொல்லாம போன?" என்றார்.

"வேண்டுதல் சார்."

"நீயா? பலப்பத்தைப் புடுங்குனதுக்கு ஒண்ணாங் கிளாஸ்லயே என்னைக் கேள்வி கேட்டவளாச்சே! நீ நாலு வார்த்தை பேசியிருந்தா நானும் நாலு திட்டிட்டு மறந்திருப்பேன். கும்பிட்டுட்டுப் போயிட்ட. முள்ளாட்டம் குத்திக்கினே இருந்துது. சரி, நான் எழுதுனது சரிதான்னு உனக்குக் காட்டலாம்னு இன்னிக்கி ரிஜிஸ்டரை எடுக்கச் சொன்னேன்."

குடையைச் சுவரில் சாய்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார். "உன் பேருக்கு நேரா மையில தேதி. பக்கத்துல பென்சில்ல 'உத்தேசம்'னு என் கையெழுத்து. காதைத் தொட வச்சுச் சேத்த எல்லாப் புள்ளைங்களுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதறதுக்கு அப்பவே மனசு ஒப்பல. சர்டிபிகேட் எழுதுன ஆளு மையை மட்டும் பாத்திருக்கான். எனக்கே மறந்துபோச்சும்மா. கோர்ட்டுக்கு எப்பப் போகணும்?"

நான் அவர் காலில் விழுந்துவிட்டேன். அவர் பதறிப்போய் இரண்டடி பின்னால் போனார். உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மாவும் நைனாவும் அழுதார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை. அன்றைக்கு மட்டும் அது வேண்டுதலால் அல்ல.

திங்கட்கிழமை பள்ளி ரிஜிஸ்டரையும் வரவழைத்துக்கொண்டு செஞ்சிக் கோர்ட்டில் காத்திருந்தோம். மத்தியானம் போயிற்று, மணி ஐந்தும் ஆயிற்று. வாத்தியார் காலையில் சாப்பிட்டதோடு சரி. சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிவிட்டால் மறுநாள் வரை பட்டினிதான். "சார், போயி எதுனா சாப்டுட்டு வாங்களேன்" என்று நைனா கெஞ்சினார். "கூப்புடும்போது நான் இல்லாட்டி?" என்று அவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியாகக் கூப்பிட்டார்கள். "தேதி நான் உத்தேசமாப் போட்டது. பொண்ணு அதுக்கு முன்னாடியே பொறந்தவ. காது எட்டாம நானே ஒரு வருஷம் திருப்பி அனுப்பியிருக்கேன்" என்று கணீரென்று சொன்னார். மாஜிஸ்திரேட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கை தானாகத் தலைக்கு மேலே போய்ப் பாதியில் நின்றது. கையெழுத்தும் முத்திரையும் விழுந்தபோது மலை உச்சியில் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது. நைனா ஓடிப்போய் வாழைப்பழம் வாங்கிவந்தார். வாத்தியார் கோர்ட்டு வாசலில் நின்றபடியே இரண்டு பழம் சாப்பிட்டார். எனக்கு அது கல்யாண விருந்து மாதிரி இருந்தது.

அந்தத் தாளை வைத்துப் பாஸ்போர்ட்டில் தேதியைத் திருத்தினார்கள். பாண்டிச்சேரி குமாஸ்தா புதுப் படிவத்தை நீட்டினார். எதற்காகப் போகிறாய் என்ற இடத்தில், 'கல்யாணம்' என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்துக் கொஞ்சம் பெரிசாகத்தான் விழுந்தது. கார்த்திகையில் கப்பல் இறங்கினேன். குளிரில் பல் கிடுகிடுத்தது. லூயி தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டுத் தான் நடுங்கிக்கொண்டு நின்றார். கிறிஸ்துமசுக்கு எட்டு நாள் முன்பு கல்யாணம் நடந்தது.

சொன்னபடி தை மாதம் அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். பதினைந்து மாதம். நான் சுற்றிப் பார்க்கிறவளாகப் போயிருந்தால், மூன்று மாதம் முடிந்ததும் அந்தத் தனிமையில், வயிற்றில் பிள்ளையோடு, எந்த ஆபீஸ் வாசலில் நின்றிருப்பேனோ! என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் வீட்டில் நான் இருந்தேன். என் மூத்தவள் தெரேஸ் அங்கேதான் பிறந்தாள். பிறந்த அன்றைக்கே தேதி எழுதி வாங்கிவிட்டேன்.

இப்போதும் எனக்கு வாய் உண்டு, இல்லை என்று சொன்னால் லூயியே சிரிப்பார். ஆனால் கோபம் வரும்போது மனசுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லிவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். சொல்லி முடிப்பதற்குள் பாதிச் சண்டை தீர்ந்துவிடுகிறது.

போன வாரம் பள்ளிக்கூடம் போய் அந்த ரிஜிஸ்டரை என் கண்ணால் பார்த்தேன். பென்சில் எழுத்து அழியாமல் இருக்கிறது. நான் முழங்கால் போட்டு அழுதது அறுபத்து நாலில். ஆண்டவர் அதற்குப் பதிலை ஐம்பதிலேயே எழுத வைத்துவிட்டார், அதுவும் நம் கோயிலுக்கு வராத ஒரு நல்ல மனுஷர் கையால். அன்புள்ளவர்களே, உங்களுக்கும் ஏதோ ஒரு கதவு மூடியிருக்கலாம். பக்கத்திலேயே பொய்யான ஒரு சந்து திறந்திருக்கலாம். நுழையாதீர்கள். மாதாவிடம் சொல்லுங்கள். உங்கள் பதில் எந்தப் பழைய புத்தகத்தில் காத்திருக்கிறதோ, உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுத் தெரேசைக் கூட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு நாலு வயசு. மடியில் உட்கார வைத்துக் கல்கண்டு கொடுத்தவர், "எங்க, காதைத் தொடு பாப்போம்" என்றார். அவள் கையைத் தலைக்கு மேலே வளைத்தாள். அப்படியே என் கை. எட்டவில்லை.

"அடுத்த வருஷம் வா" என்றார் வாத்தியார்.

நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.