நாற்பத்தோராம் நிமிடத்துப் பெண்

அவரை எல்லோரும் லிப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வருடமாக அடுத்தவர்களுடைய கட்டடங்களில் லிப்ட் பழுதுபார்த்து மேலும் கீழும் போய்வந்தவர், தான் குடியிருக்க மட்டும் லிப்ட் இல்லாத கட்டடமாகப் பார்த்து இரண்டாவது மாடியைப் பிடித்தார். ஏன் என்று கேட்டால், "வீட்டுக்கு வந்தும் வேலை பாக்கணுமா?" என்பார். பேச்சில் ஆள் அப்படி. எந்த விருந்துக்குப் போனாலும் அவரைச் சுற்றி நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர் மனைவி தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாருடைய பேச்சையோ யார் யாருக்கோ இணைத்துவிட்டு வருவாள். வீட்டில் அதிகம் பேசமாட்டாள். ஆனால் வாய்க்குள்ளேயே ஏதாவது ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். துணி மடிக்கும்போது, பாத்திரம் துலக்கும்போது, மாடிப்படி ஏறும்போதுகூட.

கல்யாணமான மூன்றாவது மாதம் அவள் ஒரு பழைய வீடியோ கேசட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். வெளிநாட்டு ராக் இசைக்குழு ஒன்றின் கச்சேரிப் படம். நாலே பேர் கொண்ட குழு. இவர்கள் ஊருக்கு ஒரே ஒரு தடவை வந்து, விளையாட்டு மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் முன்னால் வாசித்துவிட்டுப் போனார்கள். அதை அப்படியே படமாக எடுத்துத் தியேட்டர்களில் ஓட்டினார்கள். உலகமெல்லாம் பேசப்பட்ட படம்.

"நான் இதுல இருக்கேன்," என்றாள்.

"கிடாரா, டிரம்ஸா?"

"விளையாடாதீங்க. கூட்டத்துல இருக்கேன். அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு."

நாற்பத்தோராவது நிமிடத்தில் பாடகன் மேடை விளிம்புக்கு வந்து, தான் பாடுவதை நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டுவான். கேமரா இடப்பக்கம் திரும்பும். தடுப்புக் கம்பியை ஒட்டி ஒரு பெண், கையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பாடிக்கொண்டிருப்பாள். மூன்று விநாடி. அவ்வளவுதான். கேமரா நகர்ந்துவிடும்.

மனைவி படத்தை நிறுத்தினாள். பல கை மாறித் தேய்ந்த கேசட். நிறுத்தியதும் திரையில் கோடுகள் நடுங்கின. முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்த மாதிரி ஒரு வெளுப்பு மட்டும் இருந்தது.

"இது துணி. சரி. நீ எங்க?"

"துணிக்குக் கீழ."

லிப்ட்காரர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு அதில் தப்பு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு அது அவருக்குக் கைவசமான நகைச்சுவை ஆகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க வீட்டுல ஒரு நடிகை இருக்காங்க தெரியுமா? மூணு செகண்ட் நடிச்சிருக்காங்க. மூஞ்சி மட்டும் இன்னும் வந்து சேரல," என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

அவருக்கு அவள் சொன்னதில் நம்பிக்கை இல்லாமல் போனதற்கு ஒரு காரணமும் இருந்தது. அவளுடைய அப்பா கண்டிப்பானவர். ஆறு மணிக்கு மேல் பெண்களை வாசல் தாண்ட விடாத வீடு. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் எப்படி அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்க முடியும்? தெரிந்தவர்கள் போய்வந்து சொன்ன கதையை, ஆசையில் தன் கதையாக்கிக்கொண்டாள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அதை அவளிடம் கேட்டுப் பார்க்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

கல்யாணமாகிப் பத்து வருடம் இருக்கும்போது அதே படத்தை ஒரு வாரத்துக்கு மட்டும் பெரிய திரையில் மறுபடி போட்டார்கள். அவள் மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து அவர் சட்டைப் பையில் ஒன்றை வைத்தாள்.

"பெரிய திரையில தெரியும். நீங்களே பாருங்க."

அன்று ஒரு மருத்துவமனையில் லிப்ட் கதவு பாதியில் நின்றுபோயிருந்தது. போனார். இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. தியேட்டர் அங்கிருந்து நடக்கிற தூரம். ஆனால் அந்தச் சத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமே என்று அவருக்கு அலுப்பாக இருந்தது. மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையில், எண்ணெய் வாடைக்கு நடுவில், நண்பர் ஒருவரோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்துவிட்டு ஐந்தரைக்கு வீடு வந்தார்.

அவள் தனியாகப் போய்விட்டு வந்திருந்தாள்.

"லிப்ட் சரியாச்சா?"

"இப்பதான் ஆச்சு. படம் எப்படி?"

"நல்லா இருந்தது."

முகம் தெரிந்ததா என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். அவருடன் வேலை பார்ப்பவர்கள், அவளுடைய தங்கை, இணைப்பகத்துத் தோழிகள் என்று வீடு கொள்ளாத கூட்டம். சாப்பாடு முடிந்ததும் யாரோ, "நடிகையைக் காட்டுங்க," என்றார்கள். லிப்ட்காரர் அந்தக் கேசட்டைத் தேடி எடுத்து ஓடவிட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, டெஸ்டர் ஸ்குரூடிரைவரால் திரையைத் தொட்டுக் காட்டினார். "இது மூக்கா, இல்ல பின்னாடி இருக்கிற விளக்குக் கம்பமா? கண்டுபிடிச்சுச் சொல்றவங்களுக்கு நடிகையே கையெழுத்துப் போட்டுத் தருவாங்க." அறையே குலுங்கியது. அவள் சுவரோரமாக, கையில் தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது.

அதற்கு ஆறு வருடம் கழித்து அவள் செத்துப்போனாள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்து போனாள். அவர் ராப்பகலாகப் பக்கத்திலேயே இருந்தார். பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவள் போய் இரண்டு வருடம் ஆனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கையில் ஒரு புது டிஸ்க்.

"அம்மாவோட படம்ப்பா. பழைய பிலிம் சுருளையே தேடிப் பிடிச்சு, ஒவ்வொரு பிரேமுலயும் அழுக்கெடுத்து, சத்தத்தையும் சரி பண்ணி மறுபடி வெளியிட்டிருக்காங்க. சும்மா போட்டுப் பார்ப்போம்."

"அந்தக் கூச்சலா?" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. மத்தியான வெயில் திரையில் விழாமல் ஜன்னல் துணியை இழுத்துவிட்டுவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படம் ஆரம்பித்ததுமே அவருக்கு வேறு ஏதோ படத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. டிரம் அடிப்பவனின் முழங்கையிலிருந்து வியர்வை சொட்டுவது தெரிந்தது. கிடார்க்காரனின் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது. வெறும் இரைச்சல் என்று அவர் நினைத்திருந்ததற்குள் நாலு தனித்தனிக் குரல்கள் இருந்தன. அதில் ஒரு மெட்டு அவருக்கு நன்றாகத் தெரிந்ததாக இருந்தது. எங்கே கேட்டோம் என்று யோசித்தார். அவள் துணி மடிக்கும்போது கேட்டது.

நாற்பத்தோராவது நிமிடம். பாடகன் மைக்கை நீட்டினான். கேமரா திரும்பியது. மகள் ரிமோட்டை அழுத்தினாள்.



அது அவள்தான். சந்தேகப்பட ஒரு நூலிழைகூட இடமில்லை. தாடையில், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தையல் போட்ட தழும்பு. வலது கையில், டயல் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும்படி கட்டிய கைக்கடிகாரம். சாகிறவரைக்கும் அவள் அப்படித்தான் கட்டினாள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அதைச் சரி செய்துகொண்டதாக அவள் சொல்லியிருந்தாள், அவர் பார்த்ததில்லை. உடைந்த பல் தெரிகிறதே என்ற கூச்சமே இல்லாமல் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம்.

முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தும் அந்த முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"அப்பா," என்றாள் மகள்.

"தண்ணி கொண்டா," என்றார். அவள் கொண்டுவந்து கொடுத்ததைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மனைவியின் தங்கையைப் பார்க்கப் போனார். அவள் துணிகளைத் திருத்தித் தைத்துக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருந்தாள். யாருடைய பேண்டையோ கீழே மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை நிறுத்தினாள்.

"என்ன மாமா, காலங்கார்த்தால?"

"அது உங்க அக்காதான்."

எது என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி அந்தப் பக்கம் வைத்து அவர் உட்கார இடம் பண்ணினாள்.

"தெரியும் மாமா. நானும் கூடத்தான் போனேன். பரீட்சைக்குப் படிக்கப் போறோம்னு அப்பாகிட்ட பொய் சொல்லிட்டுப் போனோம். பக்கத்துல ஒரு முழங்கை தெரியும் பாருங்க, அது நான்தான். கேமரா வந்த நேரம் பாத்துக் குனிஞ்சு செருப்பைத் தேடிட்டிருந்தேன். என் நேரம்."

அவர் சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நான் எத்தனை பேர் முன்னாடி..."

"சொல்லட்டுமான்னு நிறைய தடவை கேட்டேன். அக்கா விடல." அவள் விரலில் மாட்டியிருந்த தையல் உறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "நீ சாட்சி சொன்னா அவர் உன்னை நம்பிடுவார், அது என்னை நம்பின மாதிரி ஆகாதேடின்னா. அவராத்தான் நம்பணும், இல்லன்னா வேணாம்னுட்டா."

"கோவமா இருந்தாளா?"

"கோவப்பட்டிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அந்த இருபத்தஞ்சாவது வருஷ விருந்துக்கு அப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கல. வாய்க்குள்ள பாடறதையும் விட்டுட்டா. நீங்க கவனிக்கலையா?"

அவர் யோசித்துப் பார்த்தார். வீடு எப்போது அமைதியானது என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. வயதாகிவிட்டது, களைப்பாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தார். உண்மையில் அப்படிக்கூட நினைத்ததில்லை. இப்போது தங்கை கேட்டதால் அப்படி நினைத்ததாகத் தோன்றியது.

"அன்னிக்கு தியேட்டருக்கு நான் போகல," என்றார். "வேலை ரெண்டு மணிக்கே முடிஞ்சிடுச்சு. மேல உக்காந்து சீட்டாடிட்டிருந்தேன்."

தங்கை அவரைப் பார்த்தாள். பாதியில் விட்ட பேண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அது அக்காவுக்குத் தெரியாது மாமா. தெரியாமலே போயிட்டா. அந்த மட்டும் நல்லது."

அடுத்த நாள் சாப்பாட்டு இடைவேளையில், பணிமனையின் நீள மேஜையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது லிப்ட்காரர் எழுந்து நின்றார். அந்த விருந்துக்கு வந்திருந்தவர்களில் நாலு பேர் அங்கே இருந்தார்கள். வயர்மேன் ஒருவர், வெல்டர் ஒருவர், அவரோடு அன்று சீட்டு விளையாடியவர், கணக்கெழுதுகிறவர்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் படத்துல இருந்தது என் பொண்டாட்டிதான். புதுசா வந்திருக்கு, தெளிவாத் தெரியுது. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

வெல்டர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "எந்தப் படம்ணே?" என்றார்.

"அதான், கச்சேரிப் படம். மூஞ்சி வந்து சேரலன்னு சொல்வேனே."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயர்மேன் மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். சீட்டு விளையாடியவர், "அவங்க நடிச்சிருக்காங்களா? நீ சொல்லவே இல்லையே," என்றார்.

யாருக்கும் ஞாபகம் இல்லை. சிரித்தவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள். கேட்டுக்கொண்டு நின்றவள் ஒருத்திதான் அதை இருந்தவரைக்கும் சுமந்தாள். லிப்ட்காரர் உட்கார்ந்து டப்பாவை மூடினார்.

அந்த மூன்று விநாடியில் ஒரு பிரேமை எடுத்துப் படமாக்கிச் சுவரில் மாட்டலாமா என்று மகள் போனில் கேட்டாள். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

"அவ வந்து பாருங்கன்னு கூப்பிட்டப்ப போகல. இப்ப மாட்டி வெச்சு யாருக்குக் காட்டறது?"

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் படத்தைப் போடாமல் இருப்பதில்லை. நாற்பத்தோராவது நிமிடத்தில் நிறுத்துவதில்லை, ஓடவிடுகிறார். அது முடிந்த பிறகுதான் திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இன்னும் ஒரு மணி நேரப் படம் இருக்கிறது. கேமரா ஆறேழு தடவை கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும் தடுப்புக் கம்பியை ஒட்டி நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறார். வேறொரு இடத்தில், ஓரத்திலாவது, அவளுடைய பின்னந்தலையாவது தெரியாதா என்று. இதுவரை தெரியவில்லை.