வேஷ்டி கட்டத் தெரியுமா என்று கேட்ட இன்டர்வியூ

இன்று பழவங்காடி கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ. எனக்கு வயது அறுபத்து மூன்று.

யாரிடமும் போய் நிற்காமல், ரூம் புக்கிங் செய்வதை ஃபோனில் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். இங்கிலீஷிலும் மலையாளத்திலும் பதில்களைத் தயார் செய்து, சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் ஒப்பித்தேன்.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாருக்கு வேஷ்டி கட்டற பழக்கம் உண்டல்லோ?"

"உண்டு. கம்ப்யூட்டரும் தெரியும்."

"அதெல்லாம் பிள்ளைங்க பார்த்துக்கும். சார் வேஷ்டி கட்டி, நெத்தியில திருநீறு பூசி, வாசல்ல நின்னு கை கூப்பினா மதி, அது போதும். கோயிலுக்கு வர்றவங்களுக்கு ஒரு ஐஸ்வர்யம். திங்கட்கிழமை சேர்ந்துக்கோங்க."

அவ்வளவுதான் இன்டர்வியூ. நான் படித்துக்கொண்டு போனதில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "வேலை கிடைச்சாச்சில்லே, பின்னே ஏன் மூஞ்சி இப்படி?" என்றாள் மனைவி.

இந்த வயதில் வேறு எவரும் என்னைக் கூப்பிடவே இல்லை. அதனால் திங்கட்கிழமை போகத்தான் போகிறேன். ஆனால் பேன்ட் போட்டுக்கொண்டு போய், நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன்.

எத்தனை மணிக்கு என்னை அங்கிருந்து எழுப்பி வாசலுக்கு அனுப்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்?